எனக்கு வந்த பந்து

கள்ளக்குறிச்சியில் எங்கள் முதியோர் இல்லத்தில் காலை பத்து மணிக்கு உடற்பயிற்சி. வராந்தாவில் சக்கர நாற்காலிகளை வட்டமாக நிறுத்தி, பயிற்சி கொடுக்கும் தேவதர்ஷினி ஒரு ரப்பர் பந்தைத் தருவாள். பிடித்தவர் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

எனக்குக் கண் மங்கல், காதுதான் நன்றாகக் கேட்கும். பந்தைத் தவறவிடுவேன் என்று யாரும் எனக்குப் போடுவதில்லை, எதிரில் இருந்த ராஜாம்பாளைத் தவிர.

"கைய நீட்டுடி! பஸ்ஸுக்கு நிக்கிறவளாட்டம் எங்கியோ பாத்துக்கினு இருக்கற!"

அவள் இறந்து பதினாறு நாள் ஆகிறது. அவள் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பந்து வராவிட்டாலும் நான் கையை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

இன்று என் பக்கத்தில் இருக்கும் சின்னக்கண்ணு போட்ட பந்து அந்தக் காலி இடத்தின் வழியாக உருண்டு வெளியே போனது.

"இன்னா தாத்தா, ஆளே இல்லாத எடத்துக்குப் போட்டுட்டீங்க? இருங்க, எடுத்தாறேன்."

தேவதர்ஷினி நகர்வதற்குள் பந்து என் கையில் வந்து விழுந்தது.

"அட! செவுத்துல பட்டுத் திரும்பிடுச்சு ஆயா."

அந்தப் பக்கம் சுவர் கிடையாது. எங்கள் நாற்காலிகள் முற்றத்துக்கு இறங்கும் சரிவுப் பாதைதான் இருக்கிறது. பந்தை முகர்ந்து பார்த்தேன். ராஜாம்பாள் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

"இப்ப உங்க முறை ஆயா. யாருக்குப் போடப் போறீங்க?"

எதிரே, அந்தக் காலி இடத்துக்குப் போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டேன்.

பந்து கீழே விழும் சத்தம் வரவேயில்லை.