போடாத தாழ்ப்பாள்

“பத்து நாள் முடிஞ்சாச்சு. இன்னிக்கு அந்த நாய் இந்த வீட்டை விட்டுப் போயாகணும்.”

தோள்பையைக்கூட இறக்கவில்லை, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள் நர்ஸ். ராத்திரி டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன.

தையல் மெஷினிலிருந்து நாத்தனார் நிமிர்ந்தாள்.

“சரி அண்ணி. ஊருக்கு வெளியில செடி வளர்த்து விக்கிறாரே, அவர் வெச்சுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. சோறு வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போறேன்.”

எதிர்த்து இரண்டு வார்த்தை பேசினாலாவது தேவலை. இந்தப் பெண்ணிடம் எதைச் சொன்னாலும் ‘சரி அண்ணி’தான்.

நாய் நாத்தனாருடையது. காதில் புண் வந்து பின்னறையில் கிடந்தது. மூன்று வயதுப் பாப்பா போய் அந்தக் காதையே பிடித்து இழுத்திருக்கிறாள். கையில் நான்கு பல் பதிந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “பத்து நாள் நாயைக் கண் முன்னாலயே வெச்சிருங்க” என்றார்.

அந்தப் பத்தும் இன்றோடு சரி.

முகத்தில் சோப்பு நுரையோடு கணவன் எட்டிப் பார்த்துத் தங்கையைக் கேட்டான். “புண் ஆறுற வரைக்கும் பின்னறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டே வைக்கணும்னு எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டதே நீ. நீயே மறந்தா எப்படி?”

“தப்புதாண்ணே.”

“பத்து நாளா இதையேதான் சொல்றே. முகத்துல கடிச்சிருந்தா?”

நாத்தனார் நாய்க்குச் சோறு வைக்க எழுந்தாள்.

நர்ஸும் அன்றைக்கே கேட்டுவிட்டாள், எங்கே போயிருந்தே என்று. “மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன் அண்ணி. அதுக்குச் சோறு வெச்சவ தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்.” எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

கணவன் வேலைக்குக் கிளம்பினான். நாத்தனாரும் நாயோடு படியிறங்கினாள். பாப்பா அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தாள்.

“அது திரும்பி வருமாம்மா?”

“வராது. உள்ள வா.”

பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அப்பாடா என்று தலை சாய்த்தாள். கண் சொருகும்போது அழைப்பு மணி.

யூனிஃபார்ம் கடைக்கார அம்மாள். நாத்தனார் அவருக்குத்தான் சட்டை தைத்துக் கொடுக்கிறாள்.

“தங்கச்சி இல்லையா? பத்து நாளா கடைப்பக்கமே காணோமேன்னு நானே வந்துட்டேன். இந்தாங்க, அவ செருப்பு.”

“இவ செருப்பு உங்ககிட்ட எப்படி?”

“நல்லாக் கேட்டீங்க! பாப்பாவை நாய் கடிச்சுதே, அன்னிக்கு என் கடையிலதானே இருந்தா. உங்க பக்கத்து வீட்டுலேர்ந்து போன் வந்ததுதான் தாமதம், வெறுங்காலோட ஓடினா பாருங்க. மூணு தெரு!”

“கடையிலயா? எப்ப வந்தா?”

“பன்னெண்டுக்கே வந்துட்டா. உட்கார்ந்து பொத்தானுக்கு நிறம் பார்த்துக்கிட்டு இருந்தா. போன் வந்தப்போ ரெண்டு மணி இருக்கும்.”

அந்த அம்மாள் போன பிறகும் நர்ஸ் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

அன்றைக்கு ராத்திரியும் காலையும் சேர்ந்தாற்போல் இரட்டை டூட்டி. பாலர் பள்ளியிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது ஒன்றரைக்கு. பின்னறையில் நாய் முனகியது. போய்த் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியது நினைவிருக்கிறது. கதவைச் சாத்தியதும் நினைவிருக்கிறது.

தாழ்ப்பாள்?

கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு எந்த ஞாபகமும் இல்லை. படுத்தது, பாப்பா அலறியது, குழாயடியில் சோப்புப் போட்டு அவள் கடிவாயைக் கழுவியது, நாத்தனார் மூச்சிரைக்க வந்து நின்றது. மாடிப்படி இறங்கி ஓடிவந்த இரைப்பு என்றுதான் நினைத்தாள். குற்றத்தை ஒருத்தி உடனே ஒப்புக்கொண்டுவிட்டதால், தன்னைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நாத்தனார் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையில் நாயின் கழுத்துவார் மட்டும்.

“அன்னிக்கு நீ வீட்டுலயே இல்லியாமே?”

செருப்பைப் பார்த்ததும் நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது.

“தாழ்ப்பாள் போடாதது நான். உனக்குத் தெரியுமா?”

“உள்ள வந்ததுமே தெரிஞ்சுது அண்ணி. நான் போறப்போ கிண்ணத்துல பாதித் தண்ணிதான் இருந்தது. வந்து பார்த்தா விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருந்தது.”

“அப்புறம் ஏண்டி வாயை மூடிக்கிட்டு இருந்தே? உன் நாயையே... உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். போ, போய் அதைக் கூட்டிட்டு வா.”

“வேண்டாம் அண்ணி. பாப்பா இன்னும் மிரளுறா. அது அங்கேயே இருக்கட்டும். என்ன இருந்தாலும் கடிச்சது என் நாய்தானே.”

“அதுக்காக நான் செஞ்சதையும் உன் தலையில போட்டுக்கணுமா?”

நாத்தனார் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

“‘யாரு கதவைத் திறந்து விட்டது’ன்னு அண்ணன் கத்தினப்போ, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நிக்கக்கூடத் தெம்பில்லாம நின்னீங்க. யாராவது ஒருத்தர் திட்டு வாங்கித்தான் ஆகணும். முந்தின ராத்திரி தூங்கியிருந்தவ நான்தானே அண்ணி.”