நவம்பர் காற்று

"நவம்பர்ல மட்டும் வேணாம். ஏப்ரல்ல வாங்க."

விருந்தாளி விடுதி நடத்தும் மதாம் ஜினெத் போனைக் காதில் வைத்தபடியே முற்றத்துப் பப்பாளி மரம் வரைக்கும் போய்விட்டார். அதற்குமேல் பேசியது சமையலறை ஜன்னலுக்கு எட்டவில்லை. எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரி லொரென்சியா கத்தியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ரொட்ரிக்ஸ் தீவில் நவம்பர் வேண்டாமென்று யாராவது சொல்வார்களா? ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலத்துக் காற்றெல்லாம் ஓய்ந்து கடல் கண்ணாடியாகக் கிடக்கும். ஆக்டோபஸ் பிடிக்க இருந்த தடை முடிந்து, பெண்கள் மறுபடியும் ஈட்டியோடு கடலில் இறங்கியிருப்பார்கள். ஜனவரி பிறந்தால் புயல் பயம். மார்ச் முடிகிற வரை ஈ காக்கை வராது. விருந்தாளிகளுக்கு அறை விட்டு, சமைத்துப் போட்டுப் பிழைக்கிறவர்கள் கையில் நாலு காசு பார்ப்பதே நவம்பரிலும் டிசம்பரிலும்தான்.

அந்த இரண்டு மாதத்தைத்தான் மதாம் கேட்கிறவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் லொரென்சியா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"காத்துதாம்மா," என்றார் மதாம், மக்காச்சோள மாவைச் சலித்துக்கொண்டே. "இந்த வருஷம் நவம்பர்ல காத்து சரியா இருக்காது."

பக்கத்து வீட்டுக் கிளாரிஸிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த கோழி இறங்கி ஓடியது. வருகிற விருந்தாளிகளுக்கு மிளகாய் ஊறுகாய் விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"காத்தாம் காத்து. போன நவம்பர்ல ஒரு இலை அசையல, கொடியில போட்ட துணி காயல. ஆள் வரலேன்னா என் ஊறுகாயை யாருடி வாங்குவா, கடல் நண்டா?"

கிளாரிஸ் யோசித்து யோசித்து இரண்டு காரணம் கண்டுபிடித்தாள். ஒன்று, மதாம் வீட்டை விற்கப் போகிறார். இல்லையென்றால், சமையலுக்கு வேறு ஆள் கொண்டுவரப் போகிறார். ஆளை மாற்றுகிற நேரத்தில் வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் வசதிப்படாதே.

இரண்டாவது காரணம் லொரென்சியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கை தன்னால் ஏப்ரனுக்குப் போனது.

வயிற்றில் குழந்தை இருப்பது அவள் கணவனுக்கு மட்டும்தான் தெரியும். மூத்த மகள் பிறந்தபோது லொரென்சியா ஊரிலேயே பெரிய ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக ஒரே ஒரு மாதத்துக்கென்று வந்தவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அதனால் இந்தத் தடவை வலி எடுக்கிற வரை வேலை, எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடி வேலை என்று முடிவு செய்திருந்தாள். அகலமாக ஒரு ஏப்ரன் தைத்துக்கொண்டு, உடம்பு பெருத்துவிட்டது என்று மதாமிடம் சொல்லியிருந்தாள். அதற்கு மதாம், ராத்திரியில் மக்காச்சோளச் சோற்றைக் குறைத்துக்கொள் என்றதோடு சரி.

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாமே சந்தேகமாக இருந்தது. கேஸ் சிலிண்டரை நகர்த்தப் போனால், "விடு, நான் பாத்துக்கிறேன்." படுக்கை விரிப்பு துவைக்கப் போனால், "அது கிடக்கட்டும், போய் உக்காரு." ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, கடைசியில் அவளையும் பிடுங்கி எறிவதாகத்தான் திட்டம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதாம் சந்தைக்குப் போனபோது போனைச் சார்ஜில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அது அடித்தது. லொரென்சியா எடுத்தாள்.

ரீயூனியன் தீவிலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய தங்கை போன வருஷம் இங்கே வந்து தங்கியிருந்தாளாம். மதாம் சொன்னபடியே நவம்பரை விட்டுவிட்டு ஏப்ரலுக்கு டிக்கெட் எடுக்கப் போகிறாராம். அதைச் சொல்லிவிட வேண்டுமாம்.

நீங்கள் யார் என்று கேட்டார். லொரென்சியா வாயில் வந்தது, "பக்கத்து வீடு."

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தைரியம் தானாக வந்தது. நவம்பரில் வீடு நிறைந்திருந்தால் எதை விற்பது, யாரை மாற்றுவது?

"ஐயா, ஏப்ரல் எதுக்கு? இங்க நவம்பர்தான் நல்ல மாசம். காத்து அடிக்கும்னு சொன்னதை நம்பாதீங்க."

"காத்தா? என்கிட்ட காத்துன்னு ஒண்ணும் சொல்லலையே."

மதாம் அவரிடம் சொன்னது வேறு.

"அவங்க சமையல்காரப் பொண்ணுக்கு நவம்பர்ல பிரசவமாம். அதுக்குப் பதிலா ஒருத்தியை வெச்சா, அவளும் பிள்ளைகுட்டிக்காரியாத்தான் இருப்பா, அப்புறம் எந்த முகத்தோட அவளைப் போகச் சொல்றதுன்னு கேட்டாங்க. அதனால வீட்டைச் சாத்தி வெச்சிடுறாங்களாம். குழந்தை குப்புற விழட்டும், அப்ப வாங்க, எங்க தீவுக்கு அதுதான் நல்ல சீசன்னாங்க."

லொரென்சியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மதாமின் குரல் கேட்டது. சந்தைப் பையைக் கிளாரிஸின் வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, இந்த வருஷக் காற்றைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இருக்கீங்களா?" போனில் அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டுக்காரங்க நீங்க, ஒரு உதவி செய்யணும். இதை அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அது இன்னும் மதாமுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, பெரிய ஏப்ரனைச் சுத்திக்கிட்டு நடமாடுதாம்."