குறை சொல்லி விற்பவர்

"அதுல கியர் பெட்டி ஒழுகுதும்மா," என்றார் ஓர்வோ.

விற்கிறவரே இப்படிச் சொன்னால் வாங்க வந்தவள் என்ன செய்வாள்? எந்த மோர்க்காரியும் தன் மோரைப் புளிப்பு என்று சொன்னதில்லை.

எல்மா குனிந்து பெட்டிக்கு அடியில் விரலை ஓட்டினாள். விரல் காய்ந்தபடியே வந்தது.

அவள் தேடி வந்தது, தோட்ட டிராக்டரின் மூக்கில் மாட்டிப் பனியை அள்ளிப் பக்கத்தில் வீசும் இயந்திரம். டிராக்டர் அவள் கல்யாணத்துக்கும் மூத்தது. கணவன் வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டான். டிராக்டர் அவளோடு நின்றுவிட்டது, நல்லதாகப் போயிற்று.

எதிர்வீட்டு ஓர்வோவின் கொட்டகையில் பழைய இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. வரிசையாக நிறுத்தியிருந்ததை எல்லாம் அவள் வந்த வேகத்திலேயே கழித்துவிட்டாள்.

ஒன்றுக்குப் புதுச் சிவப்புப் பெயின்ட். உள்ளே எத்தனை ஒட்டுப் போட்டிருக்கிறதோ. இன்னொன்று ஒடுக்கம். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினால் டிராக்டர் அதைவிட அகலமாகிவிடும். சங்கிலி இல்லாமல் அளந்து வாங்கிவிட்டு, தான் வெட்டிய வழியில் தானே சிக்கி நிற்கும் புத்திசாலி இந்த ஏரிக்கரையில் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு.

மூலையில் தனியாக நின்ற இந்தக் கிழட்டு இயந்திரத்தை அவளேதான் கண்டுபிடித்தாள்.

துரு மேலோடு சரி. பனியை அள்ளும் திருகுத் தகட்டைப் பிடித்து ஆட்டினாள், இம்மியும் அசையவில்லை. பேரிங்கில் புது கிரீஸ். பொருத்தும் சட்டமும் கூடவே இருந்தது. சாண் போட்டுப் பார்த்தாள், அவள் டிராக்டருக்கென்றே அடித்த மாதிரி இருந்தது.

"இதுதான். வண்டியில ஏத்துங்க."

"அது வேணாம். பனியைத் துப்பவே யோசிக்கும். இந்த வருஷம் எதுவுமே வாங்காதயேன், காசுக்குப் பிடிச்ச கேடு."

எல்மாவுக்குச் சுருக்கென்றது. பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று நினைக்கிறார் மனுஷன். ஊரில் பாதி டிராக்டருக்கு வைத்தியம் பார்த்தவள் அவள்.

அவள் ஒன்றும் ஆசைக்கு வாங்க வரவில்லை. அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ் அவள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். விடியுமுன் அது சாலையில் ஏற வேண்டும். அரசாங்கப் பனி வண்டி சாலையைத் துடைத்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்புயரத்துக்குப் பனிக்கரையைத் தள்ளிவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் அது கல்லாகிவிடும்.

அவள் வாசலில் மட்டும் அது இருக்காது. பள்ளிக்கூட பஸ் நிற்கும் வீடாயிற்றே என்று வண்டிக்காரன் அங்கே மட்டும் பனி தள்ளும் தகட்டைத் தூக்கிக்கொள்கிறான் போலும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன பனிக்காலத்தில் ஒரு புது வண்டிக்காரன் வந்தான். ஒரு நாள் காலை அவள் வாசலும் அடைந்தது. மண்வாரியால் வெட்டி பஸ்ஸை வெளியே எடுப்பதற்குள் பிள்ளைகள் ஏரிக் காற்றில் விறைத்துப்போனார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பஸ்ஸை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றது பள்ளி நிர்வாகம்.

அந்த பஸ்ஸை விட்டால் எல்மாவுக்கு வேறு ஒன்றும் தெரியாது. வேறு ஒன்றும் வேண்டியதும் இல்லை.

"ஓர்வோ, நீங்க விக்கிறீங்களா, இல்ல நான் வேற எங்கயாவது பாக்கட்டுமா? அந்தப் புதுப் பய மறுபடி என் வாசலை அடைச்சா என் பொழைப்பு போச்சு."

"அடையாது."

"ஜோசியமா? போன வருஷம் அடைச்சுதே!"

ஓர்வோ ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை.

"ஒரே ஒரு நாள்தானே. அன்னிக்குத்தான சில்வி போனா."

சில்வி அவர் மனைவி.

எல்மா எதிரே இருந்த தன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஒரு நாள். அதற்கு முந்தைய அத்தனை வருஷத்திலும் வாசல் அடைந்ததில்லை. சில்வியைப் புதைத்த மறுநாளும் அடையவில்லை. பனிக்காலம் முடியும்வரை ஒரு நாளும் அடையவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஏலக்காய் ரொட்டி சுட்டு அந்த அரசாங்க வண்டிக்காரனுக்கல்லவா கொண்டுபோய்க் கொடுத்தாள்! அவனும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டானே, பாவி.

அடுத்தவர் வாசலைத் துடைத்துவிடுகிறவர் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தெரிந்துகொண்டவரும் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அது கடனாகிவிடும். அப்புறம் அந்த வாசல் பக்கமே வரமாட்டார்கள். இந்த ஏரிக்கரையில் அப்படித்தான்.

கொட்டகைக்கு வெளியே ஓர்வோவின் வீடு தெரிந்தது. சமையலறை ஜன்னலில் திரை மூடியே கிடந்தது. இருட்டோடு எழுந்து காலணி மாட்ட அவருக்கு இது ஒன்றுதானே மிச்சம் என்று எல்மாவுக்குத் தோன்றியது.

பனி வீசும் குழாயைத் திருப்புகிற கைப்பிடியில் அவள் ஒரு விரலை வைத்தாள். வெண்ணெயில் ஓடுவதுபோல அது முழுச் சுற்றும் சுற்றி வந்தது.

"கைப்பிடி ரொம்ப இறுக்கமா இருக்கு, ஓர்வோ. எனக்கு ஒத்துவராது."

அவர் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆமா. மகா இறுக்கம்."

"சரி பண்ணி வைங்க. அவசரமில்ல," என்று தன் வண்டியில் ஏறிக்கொண்டாள் எல்மா. "பனியெல்லாம் கரையட்டும், வந்து பாக்குறேன்."