லேசாப் புடி

அவள் ஒரே ஒரு குண்டைப் போட்டு ரிவால்வரின் உருளையை மூடினாள்.

ஐந்து போடலாம். ஆனால் முதல் முறை சுடுகிறவர்களுக்கு ஒன்றுதான். சுட்டதும் பின்னால் உதைக்கிற உதையில் துப்பாக்கி முகத்துக்கு நேராகத் திரும்பி, விரல் தானாக இன்னொரு தடவை அழுத்திவிட்டால் ஆளே போய்விடும். அவள் கணவனின் நண்பர் கூட்டத்துக்கு இருந்த இரக்கம் அந்த அளவுக்குத்தான்.

தூக்கினால் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். கரடியைச் சுடுவதற்கென்று செய்தது. டெக்சாஸில் அவள் கணவன் தனபால் வாங்கிப் போட்டிருக்கும் பதினைந்து ஏக்கரில் கரடி கிடையாது.

கல்யாணமாகி ஊரிலிருந்து வந்திறங்கும் பெண்கள் உண்டு.

வந்த முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு தனபாலின் நண்பர்கள் எல்லோரும் குடும்பத்தோடு இங்கே வருவார்கள். புதுப்பெண் கையில் இதைக் கொடுப்பார்கள். எப்படி உதைக்கும் என்று ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். போன்கள் தயாராக இருக்கும்.

இதற்கு வரவேற்பு என்று பெயர்.

அவளை வரவேற்று மூன்று வருடம் ஆகிறது. நெற்றியில் ஏழு தையல். அன்றிலிருந்து முடியை முன்னால் இழுத்து வாருகிறாள்.

அன்றைக்கு எடுத்த வீடியோ மட்டும் மறையவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தனபால் அதை வீட்டு டிவியில் போடுவான். வேகத்தைக் குறைத்துப் போடுவான். துப்பாக்கி எழும்பி அவள் நெற்றியில் வந்து இறங்குவதை விருந்தாளிகள் வடை தின்றுகொண்டே பார்ப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்பார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் சுடக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தக் கூட்டத்தில் இதை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையை முன்னால் நீட்டி, உடம்பை முன்னால் சாய்த்து நிற்க வேண்டும்.

இதை அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றைய புதுப்பெண் தாரணிக்குச் சொல்லிவிடுவது என்று காலையில் புளிசாதம் கிளறும்போதே முடிவு செய்திருந்தாள். தனபால் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். தாரணி வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. கோபிசெட்டிப்பாளையம் பக்கத்துப் பெண். காரில் வரும்போதெல்லாம் அக்கா, அக்கா என்று பேசிக்கொண்டே வந்தாள். மூக்குத்தி புதிது. இன்னும் புண் ஆறவில்லை.

துப்பாக்கியை நீட்டினாள். தாரணி வாங்கினாள்.

வாங்கிய கை சரியாக இருந்தது.

இரண்டு கையும் மேலேறி, இறுக்கமாக. ஒரு கால் முன்னால். உடம்பு தானாகவே முன்னால் சாய்ந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மோட்டார் போட்டதும் துள்ளுகிற குழாயைத் தோட்டத்தில் பிடித்துப் பழகிய கை அது.

இவள் விழமாட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது.

கொஞ்சம் ஆடுவாள், அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டுவார்கள். தனபால்தான் முதலில் தட்டுவான். வருகிற பொங்கலுக்கு இந்த வீடியோவையும் போடுவார்கள். முதலில் அவளுடையது, பிறகு தாரணியுடையது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள்தான். ஒரு பெண் சொல்லாமலே தப்பிக்கிறாள்.

வயிறு எரிந்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தாள். போனைத் தூக்கிப் பிடித்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் பெண்கள். அவர்களும் ஒரு காலத்தில் வரவேற்கப்பட்டவர்கள். ஒருத்தி அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அவள் தாரணியிடம் போனாள். வெடிச்சத்தத்துக்காகத் தாரணி மாட்டியிருந்த காதுமூடியை ஒரு பக்கம் விலக்கினாள்.

“இவ்ளோ இறுக்காத கண்ணு. லேசாப் புடி. முழங்கைய மடக்கி, மூஞ்சிக்குக் கிட்டக் கொண்டாந்து பாரு.”

தாரணி உடனே கையைத் தளர்த்தினாள். முன்னால் வைத்த காலையும் பின்னால் எடுத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறது என்ற நிம்மதி அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அவள் காதுமூடியைச் சரிசெய்துவிட்டு, நான்கு எட்டு பின்னால் வந்து நின்றாள்.

வெடித்தது.

சத்தம் ஓய்வதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. தாரணியின் கணவன் நிர்மல் போனை இறக்காமலே ஓடிவந்தான்.

அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். கீழே உட்கார்ந்து தாரணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புருவம் பிளந்திருந்தது. துப்பட்டாவை மடித்து அதன்மேல் அழுத்தினாள். ரத்தம் துணியைத் தாண்டி அவள் விரல்களுக்கிடையில் வந்தது.

தாரணி அழவில்லை. வலியைவிட வெட்கம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது. சிரிக்கிறவர்கள் பக்கம் திரும்பாமல் இவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தான் தப்புப் பண்ணிட்டனாக்கா? இன்னும் லேசாப் புடிச்சிருக்கோணுமா?”

அவள் துணியை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

“ஆமா கண்ணு,” என்றாள்.