பதினெட்டாவது தடம்

அருங்காட்சியகத்தில் சாந்து ஊற்றி அச்சு எடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. இதை அவளே சொல்வாள். நீரைவிட்டு முதன்முதலாகக் கரையேறிய உயிரின் காலடிகள் பதிந்த பாறை, அவள் அறையில் தரையோடு கிடந்தது. எட்டு விரல் தடங்கள், பதினேழு. போன வருடம் அவள் எடுத்த அச்சிலும் பதினேழுதான்.

இன்று பதினெட்டு இருந்தன. புதிய தடம் பாறையின் விளிம்பில் இருந்தது. அதில் ஏழே விரல்கள்.

"அப்போ எண்ணும்போது விட்டிருப்பீங்க," என்றார் காட்சிப் பெட்டி செய்ய வந்திருந்த தச்சர்.

"என் அச்சு தப்பாதுண்ணே. பாறைதான் மாறியிருக்கு."

பாறை முடிந்த இடத்திலிருந்து வாசல்வரை ஈரச் சாந்தைப் பூசிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இவ்வளவு தூரம் வந்தது, நின்னுடுமா?"

புது வேலைச் செருப்பை வாசலுக்கு உள்ளே கழற்றிவைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. காய்ந்த சாந்தில் முதல் தடத்துக்கு ஆறு விரல்கள். அடுத்ததற்கு ஐந்து. பிறகு எல்லாமே ஐந்து. வாசலோடு தடங்கள் நின்றன. செருப்பைக் காணோம்.

தச்சர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வந்துடும்ண்ணே," என்றாள், சாந்து குழைத்தபடி. "புதுச் செருப்பு. கடிக்கும்."