பெனிட்டாவின் அணுக்கள்

சோதனைக்கு ரத்தம் கிடைக்காத நாட்களில், அந்த ஆய்வகத்தில் யாராவது ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில் பெனிட்டாவும் அப்படித்தான் உட்கார்ந்தாள். அன்று எடுத்த ரத்த அணுக்களைத் திருத்திச் செய்த மருந்து இன்று ஊர் உலகமெல்லாம் புற்றுநோயாளிகளின் உடம்பில் ஓடுகிறது.

இப்போது அவள் தம்பி ஜெரினுக்கு உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது. அக்காவின் எலும்பு மஜ்ஜை அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஆய்வகம் சம்மதிக்காமல் அதைத் தொட முடியாது என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டது.

ஆய்வக இயக்குநர் கல்யாணசுந்தரம் கனிவாகத்தான் பேசினார். "உங்க அணுக்களோட காப்புரிமை முழுக்க நிறுவனத்துக்குத்தாம்மா. வெளியாளுக்குக் கொடுக்க வழியில்ல."

"வெளியாள் இல்ல சார், என் கூடப்பிறந்தவன்."

"புரியுது. நாளைக்கு அவர் உடம்புலேர்ந்து வேற கம்பெனிக்காரன் எடுத்துட்டா என்ன பண்றது?"

மேசையில் அவர் வாங்கிய விருது இருந்தது. பெனிட்டாவின் அணுவைப் போலவே செய்த கண்ணாடி உருண்டை அது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க அவளுக்குக் கை துடித்தது.

"நேத்து ஒரு கொசு என்னைக் கடிச்சுட்டுப் பறந்து போச்சு சார்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"எங்க வச்சுக் கடிச்சுது? வீட்லயா, இங்கயா?"