வெள்ளை மட்டி

"அப்ப இந்த டொக்டர் படிப்பு முடிச்சால் ஊசி போடுவியோ, ரத்தினம்?"

இரத்தினேஸ்வரியின் அண்ணன் மனைவி சிவபாக்கியம் சோற்றின் மேல், தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்டிய வறையை அள்ளி வைத்தாள்.

"இல்லை மச்சாள். இது மட்டியைப் பற்றின ஆராய்ச்சி. விலங்கியலும் கணக்கும் சேர்ந்தது."

"மட்டிக்குக் கணக்கோ! உங்கட கொழும்புப் புரொபசர்மார் சிரிக்கேல்லையோ?"

"விலங்கியல் ஐயா இது கணக்கு எண்டார். கணக்கு ஐயா இது விலங்கியல் எண்டார். ஒரு கேள்விக்கு மறுமொழி கொண்டுவந்தால்தான் சேர்ப்பினமாம். நாளைக்கு ரயில். மறுமொழி இல்லை."

இரத்தினேஸ்வரி சோற்றில் விரலால் கோடு கிழித்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்தில், நேவி நிலக்கரி இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு குடா. யுத்தம் தொடங்கிய பின் கரித்தூள் படிந்து அதன் சேறு கறுத்துவிட்டது. முன்பு அங்கே வெள்ளை ஓட்டு மட்டியும் கறுப்பு ஓட்டு மட்டியும் கலந்து கிடந்தன. இப்போது வெள்ளையைக் காண்பதே அரிது.

"கறுத்த சேத்தில வெள்ளை பளிச்செண்டு தெரியும், மச்சாள். ஏதோ ஒண்டு அதைப் பாத்துப் பாத்துத் தின்னுது. கறுப்பு தப்பிப் பெருகுது. பரிணாமம் கண்ணுக்கு முன்னால நடக்குது. ஆனால், தின்னுறது ஆர்? அதுதான் கேள்வி."

"கொக்கோ?"

"காலமை முழுக்க இருந்து பாத்தனான். கொக்கு மீனைத்தான் கொத்துது."

"ஆக்கள்?"

"ஏலாது. சுத்திவரக் கம்பிவேலி. நேவி எனக்கு மட்டும்தான் பாஸ் தந்தது."

சிவபாக்கியம் வறைச் சட்டியை மெல்ல மூடினாள்.

"ஏன் மூடுறீங்கள்? இன்னும் கொஞ்சம் மட்டி வறை வையுங்கோ. ஆதம்பாவா நானா திரும்பவும் கிண்ணியாவில இருந்து மட்டி விக்கக் கொண்டுவாறாரோ?"

"அந்த மனுசன் யப்பான்காரன் குண்டு போட்ட நாளில இருந்து இந்தப் பக்கமே வரேல்லை."

வாயருகே போன கவளம் அப்படியே நின்றது.

"அப்ப, இது?"

"மீன் இல்லாத காலத்தில உனக்கு வேற என்னத்தைத் தாறது? அந்தச் சேத்தில கறுப்பு என்ர கண்ணுக்குப் பிடிபடேல்லை. ஓடு கழட்டினால் எல்லாம் ஒண்டுதானே எண்டு, நீ திரும்பி வந்த பிறகு பின்னேரங்களில வெள்ளையைப் பொறுக்கினனான். வேலியடிக் காவல்காரன் மறிச்சவன்தான். 'எல்லாம் எங்கட ரத்தினத்துக்குத்தான்' எண்டனான், விட்டிட்டான்."

"மச்சாள்!"

"நான் பொய் சொல்லேல்லையே. ஒவ்வொரு நாளும் நீதானே தின்னுறாய்!"